எழுபது ஆண்டுகளின் வாக்குத்தத்தம்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் சபையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கையில் இருக்கும். ரோஜாப் பூவையோ மலையருவியையோ பின்னணியாகக் கொண்ட அந்தச் சிறு அட்டை, பீரோக் கண்ணாடியின் ஓரத்திலோ வேதாகமத்தின் நடுவிலோ அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குச் செருகப்பட்டிருக்கும். அந்த அட்டைகளில் அடிக்கடி வருகிற வசனம் எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." திருமண அழைப்பிதழிலும் கடை நாட்காட்டியிலும் மருத்துவமனைக் கட்டிலின் தலைமாட்டிலும் இந்த வசனத்தைக் கண்டிருக்கிறேன். நான் இதை நேசிக்கிறேன். அதனாலேயே, இது எந்தக் கடிதத்தின் நடுவில் நிற்கிறது என்பதையும் அட்டையைப் பெறுகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து அரசன் எகொனியாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமில் மீந்திருந்த தீர்க்கதரிசி எரேமியா எழுதி அனுப்பிய கடிதம்தான் 29ஆம் அதிகாரம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருடைய கண்களுக்கு முன்பாகவும் நின்று, இரண்டு ஆண்டுகளுக்குள் ஆலயத்தின் பணிமுட்டுகளும் அரசனும் சிறைப்பட்டவர்களும் திரும்பி வருவார்கள் என்று அறிவிக்கிறார். பாபிலோனுக்கு அடிபணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் பூண்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போடுகிறார். எரேமியா அந்த அறிவிப்பைக் கேட்டவுடன் சொன்ன முதல் வார்த்தை "ஆமென்" என்பது. கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அவருக்கும் அந்த நற்செய்தி உண்மையாயிருந்தால் நலமாயிருக்கும் என்ற ஏக்கம் இருந்தது. ஆனாலும் கடிதத்தில் அவர் எழுதியது வேறு: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறையாக்கிய பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள், எழுபது ஆண்டுகள் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்று கர்த்தர் சொல்லுகிறார். எழுபது ஆண்டுகள் என்பது பத்தாம் வசனம்; நம் அட்டையிலுள்ள வாக்குத்தத்தம் பதினோராம் வசனம்.

அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த நாற்பது வயது மனிதன் ஒருவனை நினைத்துப்பாருங்கள். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் தன்மேல் உண்டு என்று கேட்ட அதே மூச்சில், தான் பாபிலோனின் மண்ணில்தான் புதைக்கப்படப்போகிறான் என்பதையும் அவன் கேட்டான். அவனுக்கு அந்த வாக்குத்தத்தம் பொய்யானதா? எரேமியா அப்படி நினைக்கவில்லை. ஆனால், அனனியாவின் இரண்டு ஆண்டுக் கணக்கைக்கொண்டு தன் நம்பிக்கையைக் கட்டியவன் மூன்றாம் ஆண்டில் எங்கே போய் நின்றிருப்பான் என்ற கேள்வி என்னை விடுவதில்லை. ஏனென்றால் நம் சபைகளில் அப்படிப்பட்ட மூன்றாம் ஆண்டில் நிற்கிறவர்கள் பலரை நான் அறிவேன். ஜெபித்தும் குணமாகாத நோயாளிகள், உபவாசமிருந்தும் பிழைக்காத பிள்ளையின் பெற்றோர், ஆராதனைக்கு வருவதையே மெல்ல நிறுத்திக்கொண்டவர்கள். அவர்கள் விசுவாசத்தை இழந்தவர்கள் என்று நாம் பேசிக்கொள்கிறோம். அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட நம்பிக்கை மிகவும் குறுகியதாயிருந்தது என்றே நான் எண்ணுகிறேன். துன்பத்தைக்குறித்துக் கர்த்தரிடம் முறையிட இடம்கொடாத நம்பிக்கை, வேதாகமம் கற்பிக்கிற நம்பிக்கையே அல்ல. இக்கட்டுரை முழுவதிலும் நான் சொல்ல விரும்புவது இதுதான்.

என் அம்மா புற்றுநோயோடு நெடுநாள் போராடினார். வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பலர். ஒருவரும் தீய எண்ணத்தோடு வரவில்லை. ஒருவர் ரோமர் 8:28ஐச் சொல்லி, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்றார். ஒருவர் இது பரீட்சை என்றார். ஒருவர் வீட்டில் அறிக்கையிடப்படாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று என்னைத் தனியே அழைத்து விசாரித்தார். விசுவாசத்தோடு அறிக்கை செய்தால் அந்த நொடியே சுகம் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். அம்மா எல்லாரிடமும் புன்னகையோடு "ஆமென்" சொல்லி, அவர்கள் போனபின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஊரில் எல்லாரும் டீச்சரம்மா என்று அழைக்கிற, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் வருவார். வந்தவுடன் முக்காலியைக் கட்டிலின் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவின் பாதங்களைத் தன் மடிமேல் எடுத்து வைத்து, கிண்ணத்தில் லேசாகச் சூடாக்கிய தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார். சிகிச்சையினால் அம்மாவின் பாதங்கள் மரத்துப்போய், தோல் வெடித்திருந்தன. விரல் இடுக்குகளில்கூட அவர் அவசரப்படாமல் எண்ணெயிடுவார். அரைமணி நேரம் பேச்சே இருக்காது. பிறகு கண்ணை மூடாமலே, "ஆண்டவரே, இவ எவ்வளவுதான் தாங்குவா? உமக்குக் கண்ணில்லையா? எவ்வளவு நாள் பார்த்துக்கிட்டே இருப்பீர்?" என்று சற்று உரத்த குரலில் கேட்பார். அது ஜெபம் என்று முதல் தடவை எனக்குப் புரியவே இல்லை. அம்மா விம்மி அழுவார். ஒருநாள் நான் டீச்சரம்மாவை இனி இப்படிப் பேச வேண்டாம் என்று சொல்லலாமா என்று கேட்டபோது, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்க வந்தாத்தான் எனக்கு அழ முடியுது. மத்தவங்க வந்தா நான்தான் அவங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கு" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டபிறகுதான் நான் யோபுவின் புத்தகத்தை முழுவதுமாக வாசித்தேன். நம்மில் பெரும்பாலோர் அறிந்த யோபு, செல்வத்தையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்தும் முறுமுறுக்காத, முதல் இரண்டு அதிகாரங்களின் யோபு. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்ற வசனத்தைக் கல்லறைத் தோட்டத்தில் கேட்காத அடக்க ஆராதனை உண்டா? அதற்குப் பிறகு நேரே கடைசி அதிகாரத்துக்குப் போய், இழந்தவையெல்லாம் இரட்டிப்பாய்த் திரும்பக் கிடைத்தன என்று முடித்துவிடுகிறோம். இடையிலுள்ள அதிகாரங்கள் நாற்பதுக்குச் சற்றே குறைவு. புத்தகம் நாற்பத்திரண்டு அதிகாரங்களே கொண்டது. மூன்றாம் அதிகாரத்தில் யோபு வாயைத் திறந்து தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். தேவன் தன்னை வேட்டையாடுகிறார் என்கிறார். தனக்கும் அவருக்கும் நடுவே நின்று நியாயம் பேச ஒருவனும் இல்லையே என்று புலம்புகிறார். இவற்றைச் சபையில் ஒருவர் எழுந்து நின்று சொன்னால் உட்காரச் சொல்லிவிடுவோம்.

அவருடைய மூன்று நண்பர்களையும் நான் இகழ மாட்டேன். தூரத்திலிருந்து வந்தார்கள், உருத்தெரியாமல் போயிருந்தவரைக் கண்டு அழுதார்கள், ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் செய்தது சரியானது. யோபு முறையிடத் தொடங்கியபின்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. தேவனுக்காக வழக்காட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. குற்றமற்றவன் அழிந்தது உண்டா என்று எலிப்பாஸ் கேட்கிறார். பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்கிறார் பில்தாத். அவர்கள் சொன்னவற்றில் பல வாக்கியங்களைத் தனியே எடுத்தால் எந்த மேடையிலும் பிரசங்கிக்கலாம். அவ்வளவு பக்தியான பேச்சு. இறுதியில் கர்த்தர் எலிப்பாசிடம், "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். தேவனுக்காக வாதாடினவர்கள்மேல் அவருக்குக் கோபம். அவரோடு வாதாடினவர் அவருடைய தாசன். இந்தத் தீர்ப்பைச் சொன்ன கர்த்தரும், யோபுவின் துன்பத்துக்கு என்ன காரணம் என்பதை யோபுவுக்கு ஒரு வார்த்தையிலும் விளக்கவில்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் யோபுவைக்குறித்துக் கர்த்தருக்கும் சாத்தானுக்கும் பரலோகத்தில் நடந்த உரையாடல் வாசகராகிய நமக்குத் தெரியும். யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது.

சங்கீதங்களிலும் இதே உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது. நூற்றைம்பது சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் முறையீடுகளே. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிற 13ஆம் சங்கீதம் துதியில் முடிகிறது. அப்படி முடிகிறவை பல. ஆனால் 88ஆம் சங்கீதம் அப்படி முடிவதில்லை. அதில் இறுதிவரை விடிவதே இல்லை. நண்பரையும் தோழரையும் எனக்குத் தூரமாக்கினீர் என்ற குற்றச்சாட்டோடும் இருளோடும் அது நின்றுவிடுகிறது. அதன் தலைப்பிலோ, இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறது. அதாவது, தனிமையில் ஒருவர் எழுதி மறைத்துவைத்த தாள் அல்ல இது. ஆலயத்தில், சபையாக, இசையோடு பாடுவதற்குக் கொடுக்கப்பட்ட பாடல். தேவன்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு தேவனுடைய ஆராதனைப் புத்தகத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. இதைத் தொகுத்தவர்கள் இறுதியில் ஒரு அல்லேலூயாவைச் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. அந்த நேர்மைக்காக நான் அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

எங்கள் சபை மரபில் முறையீட்டுக்கென ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெரிய வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்போம். வெயில் கொளுத்தும்; ஆண்டில் வேறெந்த நாளும் வராதவர்களும் அன்று வருவார்கள். பெரும்பாலும் நான்காம் வார்த்தையைத் தியானிக்கிறவர், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று வாசித்துவிட்டு, பிதா குமாரனை உண்மையில் கைவிடவில்லை என்று நிரூபிப்பதற்கே பத்து நிமிடத்தையும் செலவிடுவார். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இயேசு அந்த நேரத்தில் விளக்கம் எதையும் சொல்லவில்லை. தாம் சிறுவயது முதல் ஜெப ஆலயத்தில் கேட்டு வளர்ந்த 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியை எடுத்துத் தம் ஜெபமாக்கினார். அதற்குப் பதில் வானத்திலிருந்து வரவுமில்லை. ஞானஸ்நானத்தில் கேட்ட குரல், மறுரூப மலையில் கேட்ட குரல், அந்த மூன்று மணி நேரத்தில் கேட்கவில்லை. கைவிடப்பட்டவர்களின் ஜெபத்தை ஜெபித்தவர் அவர் என்பதனால்தான், கைவிடப்பட்டதாக உணர்கிறவர் அவரிடத்தில் வர முடிகிறது. அந்தப் பத்து நிமிடமும் அந்தக் கேள்வியைக் கேள்வியாகவே விட்டுவைக்கிற ஒரு போதகரைக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கிற பழக்கத்தின் கொடுமையை நான் மிகக் கூர்மையாக உணர்ந்தது ஆழிப்பேரலைக்குப் பின்பு. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் திருப்பலிக்கு வந்திருந்தவர்களும், குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடலை நம்பி வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களும் அலையில் போயின. அதைத் தேவகோபம் என்று விளக்கிய பிரசங்கங்களை அந்த நாட்களில் நானே கேட்டேன். இயேசுவிடமே இப்படிப்பட்ட கேள்வி வந்திருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப்பேர் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரிலும் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் அவர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஆண்டவரே மறுத்த கணக்கை அவருடைய ஊழியர்கள் போடுவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

துன்பத்தைக்குறித்து இந்த மண்ணில் ஆழமாகச் சிந்தித்த கிறிஸ்தவர்களில் டாக்டர் பால் பிராண்ட் முக்கியமானவர். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைச் சிகிச்சை நிபுணராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்பதே அந்நாள் வரையில் மருத்துவர்கள் பலரும் நம்பியது. பிராண்டுக்கு அது சரியாகப் படவில்லை. துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, நோயாளியான சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தபோது சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. நோய் நரம்புகளைக் கொல்கிறது. நரம்பு செத்தபின் வலி இல்லை. வலி இல்லாதவர் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார், செருப்பினுள் ஆணி ஏறியது தெரியாமல் நாள் முழுவதும் நடக்கிறார், இரவில் எலி கடித்தாலும் விழிப்பதில்லை. விரல்கள் போவதற்குக் காரணம் இந்தக் காயங்களே என்பதை அவரும் அவருடைய சகாக்களும் பொறுமையாக நிறுவினார்கள். தசைநாண்களை இடம்மாற்றி மடங்கிய கைகளை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை அவர் அங்கேயே வளர்த்தெடுத்தார்.

இந்த அனுபவத்திலிருந்துதான், வலி தேவனுடைய ஈவு என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். உடலைக் காவல்காக்கிற வலியைப்பற்றி அது முற்றிலும் உண்மை. ஆனால் அந்தக் கருத்தை எடுத்து எல்லாத் துன்பத்தின்மேலும் வைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. அம்மாவின் எலும்பில் பரவிய நோய் எல்லாச் செய்தியையும் சொல்லி முடித்தபிறகும் வலித்தது. எச்சரிக்க வேண்டியது எதுவும் மீதமில்லாத வலி அது. அதை ஈவு என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிராண்டே அந்தக் கட்டிலருகில் நின்றிருந்தாலும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று எண்ணுகிறேன். விளக்குவதைவிட அதிகமாகக் கைகளைத் தொட்டுப் பழகியவர் அவர்.

அவரோடு பணிபுரிந்த டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்க்கையே எனக்கு இதில் அதிகமாகக் கற்றுக்கொடுக்கிறது. கேரளத்தில் பிறந்து, வேலூரில் படித்து, அங்கேயே மருத்துவராயிருந்த அவர், 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு சென்ற வாகனம் விபத்துக்குள்ளானதில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் இழந்தார். வயது முப்பதைக்கூட எட்டவில்லை. இனி நடக்கவே முடியாது என்பது மெல்ல மெல்லத்தான் அவருக்குத் தெளிவாயிற்று. கைகளுக்கான அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று பிராண்ட் அவரிடம் யோசனை சொன்னார். சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயால் முடங்கிய கைகளை அவர் அறுத்துச் சீராக்கத் தொடங்கினார்.

அங்கே இருவர் எதிரெதிரே இருந்திருப்பதை நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. ஒருவருக்குக் கைகளில் உணர்வில்லை. மற்றவருக்குக் கால்களில் உணர்வில்லை. தன் கையை நீட்டிய அந்த நோயாளியிடம், பொறுமையாயிருங்கள் என்று அந்த மருத்துவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு வேறு எவருடைய வாயிலும் கிடைக்காத எடை இருந்திருக்கும். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் உடலியக்க மறுவாழ்வு மருத்துவத்துறையை உருவாக்கினார். தண்டுவடம் முறிந்தவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது; இந்தியாவில் இத்தகைய முதல் நிலையம் அதுவே. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 1986இல் காலமானார். இந்த நிலையம் உருவாகத்தான் அந்த விபத்து நடந்தது என்று ஒருவர் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முறிந்த தண்டை நல்லதென்று அழைக்காமலே, அதன் நடுவிலும் தேவன் தம் வேலையை நிறுத்தவில்லை என்று சொல்ல முடியும். ரோமர் 8:28ஐ நான் இப்போது இந்தவிதமாகவே வாசிக்கிறேன்.

பிராண்டின் தாயார் எவலினைப்பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் கொல்லிமலையில், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பாலுக்கு மரணச் செய்தி தந்தியில் முதலில் வந்தது. தந்தை உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம் கப்பலில் அதற்குப் பின்பு வந்து சேர்ந்தது. எவலின் நொறுங்கிப்போனார். ஆனால் மலையை மறக்கவில்லை. மிஷன் ஊழியத்திலிருந்து ஓய்வுபெறும் வயதில், ஓய்வெடுக்கச் சொன்ன எல்லாருடைய அறிவுரையையும் மீறிக் கொல்லிமலைக்கே திரும்பினார். குதிரைக்குட்டியின்மேலும், கால் தளர்ந்தபின் இரு கோல்களை ஊன்றியும் ஊர் ஊராகப் போனார். 1974இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் இறந்தபோது கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். கணவரோடு கண்ட கனவின் பெரும்பகுதியை அவர் இருவருடைய பங்காகவும் தனியே சுமந்தார்.

இத்தனை சொன்னபின், நம்பிக்கை எங்கே நிற்கிறது என்று கேட்கலாம். பவுல் தம் சரீரத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" என்பது, முள் எடுக்கப்படவில்லை. அப்போஸ்தலனுக்கே விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எவருக்கும் துணிவிருக்காது. பக்கத்துத் தெருவிலுள்ள நோயாளியிடம் மட்டும் அதைச் சொல்லிவிடுகிறோம். எபிரெயர் பதினோராம் அதிகாரத்தில் சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் உண்டு, வாளால் அறுப்புண்டவர்களும் உண்டு; இரு கூட்டத்தாருமே விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்று அதே மூச்சில் எழுதப்பட்டிருக்கிறது.

ரோமர் எட்டாம் அதிகாரத்தை நாம் வெற்றியின் அதிகாரம் என்கிறோம். அதை மெதுவாக வாசித்தால் பெருமூச்சின் அதிகாரமாகவும் தெரியும். சிருஷ்டி முழுவதும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது. ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாமும் உள்ளத்தில் தவிக்கிறோம். பரிசுத்த ஆவியானவரும் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார். கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிப்பவன் யார் என்று பவுல் உச்சக் குரலில் கேட்கிற இடத்தில், அவர் மேற்கோள் காட்டுவது ஒரு துதிப் பாட்டை அல்ல. "உமதுநிமித்தம் எந்நேரமும் கொல்லப்படுகிறோம்" என்ற 44ஆம் சங்கீதத்தின் வரியை. ஆண்டவரே விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர் என்று அதற்கு அடுத்த வசனத்திலேயே கூப்பிடுகிற சங்கீதம் அது. வேதாகமத்தின் மிக உயர்ந்த நம்பிக்கை வாக்கியம் முறையீட்டுப் பாடலின்மேல் கால் ஊன்றி நிற்கிறது. முறையிடத் தெரியாதவருக்கு அந்த வாக்கியத்தின் முழு வலிமை புரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

அந்த நம்பிக்கையின் பொருள் சரீரத்தின் உயிர்த்தெழுதல். ஆத்துமா எங்கோ நிம்மதியாயிருக்கும் என்பதோடு கிறிஸ்தவம் நிறைவடைவதில்லை. வெடித்த அந்தப் பாதங்கள், முறிந்த அந்தத் தண்டு, உணர்விழந்த அந்த விரல்கள் இவையெல்லாம் தேவனால் மறக்கப்படாதவை. உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணித்தழும்பு இருந்தது. தோமாவிடம் உன் விரலை நீட்டிப் பார் என்றார். மகிமையடைந்த சரீரத்திலும் அந்தத் தழும்பு மறைக்கப்படவில்லை என்பது, அம்மாவை அடக்கம்பண்ணிய நாளில் எனக்குப் பற்றிக்கொள்ளக் கிடைத்த ஒரே உண்மை. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்டதைக் காட்டி, அழுதவர்களை அன்று சிலர் அடக்கினார்கள். துக்கமே கூடாது என்று அந்த வசனம் சொல்லவில்லை. தாம் சற்று நேரத்தில் எழுப்பப்போகிற லாசருவின் கல்லறைக்குமுன் இயேசு கண்ணீர்விட்டார் என்பதையும் அதே வேதாகமம்தான் சொல்கிறது. அடுத்த நிமிடம் நடக்கப்போவதை அறிந்திருந்தவரே அழுதார் என்றால், கடைசி நாள்வரை காத்திருக்கிற நாம் அழலாம்.

டீச்சரம்மா இப்போது படுத்த படுக்கையாயிருக்கிறார். ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தபசு நாட்களில் நாங்கள் சிலர் மாலைதோறும் அவருடைய வீட்டில் கூடி யோபுவின் புத்தகத்தை மூன்றாம் அதிகாரத்திலிருந்து, ஒரு வரியையும் விடாமல், சத்தமாக வாசித்து வருகிறோம். விளக்கவுரை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அடுத்து வருவது பத்தொன்பதாம் அதிகாரம். "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்ற வசனம் அதில்தான் இருக்கிறது; நான்கு வசனங்களுக்கு முன்னால், என் சிநேகிதரே, எனக்கு இரங்குங்கள், எனக்கு இரங்குங்கள் என்று யோபு கெஞ்சுகிற வசனமும் இருக்கிறது. இரண்டையும் வாசிக்கப்போகிறோம்.